மீன் தொட்டியில் முளைத்த களை

மாதனூர் பக்கம் பாலாற்றங்கரையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறார் அந்த விவசாயி. அவருடைய வீட்டு முன்னறையில் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது கிணற்றுத் தண்ணீர் அல்ல, உப்புக் கலந்து தயாரித்த கடல்நீர். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் மகன் ஆசைப்பட்டு வைத்தது. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிய அதே ஆரஞ்சு நிற மீன்தான்.

நண்பர் ஒருவரின் பழைய தொட்டியிலிருந்து மகன் சில கற்களை வாங்கி வந்து போட்டார். ஒரு கல்லில் பழுப்பு நிறத்தில், பூப்போல இரண்டு விரிந்திருந்தன. அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார். அது கடல் சாமந்தி வகையைச் சேர்ந்த ஐப்டேசியா. பூ மாதிரி தெரிந்தாலும் அது செடியல்ல, கொட்டும் தன்மையுள்ள உயிரி. மீனுக்குப் போடும் தீனியைப் பிடித்துத் தின்னும், பக்கத்தில் வரும் உயிர்களைக் கொட்டும். விஷயம் தெரிந்ததும் மகன் பிளேடால் சுரண்டி எடுத்தார். ஒரு மாதத்தில் இரண்டு இருந்த இடத்தில் இருபதுக்கு மேல்!

தொட்டால் கல் இடுக்குக்குள் சுருங்கிக்கொள்வது அதன் குணம். சுரண்டும்போது அடிப்பகுதியில் கடுகளவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும், அதிலிருந்து புதிதாக ஒன்று முளைத்துவிடும்.

மகன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அப்பா சிரித்தார். "சீமைக் கருவேலத்தை மட்டமா வெட்டி விட்டா என்னடா ஆகும்? ஒரு மரம் பத்துக் கிளையா வெடிச்சு வரும். தூரோட தோண்டணும். இதுவும் அந்த ஜாதிதான் போல."

அப்படியே செய்தார்கள். அதிகம் படர்ந்திருந்த கல்லை முழுதாக வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மாதம் வெயிலில் காயப் போட்டார்கள். எடுக்க முடியாத கற்களில் இருந்ததற்குச் சுண்ணாம்பு. கலப்பில்லாத நீற்றுச் சுண்ணாம்பைத் தோசை மாவுப் பதத்தில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக்கொண்டார் மகன். கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி. மோட்டாரை நிறுத்திவிட்டு, அது விரிந்திருக்கும் நேரம் பார்த்து மெதுவாக நெருங்கி, அதன் வாய்மேல் மூடுகிற மாதிரி விட்டார். கால் மணி நேரம் கழித்து மோட்டார். ஒரு நாளைக்கு மூன்று நான்குக்கு மேல் தொடவில்லை. மொத்தமாகச் சுண்ணாம்பு இறங்கினால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி மீனே செத்துவிடும். இரண்டு மாதத்தில் தொட்டி ஓரளவு சுத்தமானது. இப்போதும் எங்காவது ஒன்று தலைகாட்டினால் அன்றைக்கே சுண்ணாம்புதான்.

ஆனால், அப்பா முகம் வாடியது வேறொரு விஷயத்தில். வாரம்தோறும் மகன் 20 லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுவார். எடுத்த தண்ணீர் கொல்லை வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாழையிலை ஓரம் கருகியதைப் பார்த்த பிறகுதான் அவர் விசாரித்தார். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 20 லிட்டரில் 700 கிராம். வருஷத்துக்கு 36 கிலோ!

உப்பு என்றால் என்னவென்று அந்தப் பகுதி விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பு, மயிர் நீக்கச் சுண்ணாம்பு. இரண்டும் கலந்த டேனரிக் கழிவுநீர் பல வருஷம் வாய்க்காலிலும் ஆற்றிலும் ஓடியது. டேனரிகள் நிறைந்த இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. மாசுபடுத்தியவர்தான் அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு அது. இவருடைய கிணறும் அந்தக் காலத்தில்தான் உவர்த்தது. நெல்லை விட்டுவிட்டுத் தென்னைக்கு மாறினார்.

"ஊரான் ஊத்தினதுக்கு கோர்ட்டு இருந்துச்சு. நீ ஊத்தினா நான் எங்கடா போவேன்?" என்றார். சத்தம் போடவில்லை. மகன் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் செங்கல் வரிசை வைத்து, தார்ப்பாய் விரித்து, ஆழமில்லாத பாத்தி ஒன்று கட்டினார் மகன். தொட்டித் தண்ணீர் இப்போது அங்கேதான் போகிறது. வெயிலில் தண்ணீர் வற்றினால் உப்பு தங்கும். மழை வந்தால் பாத்திக்கு மேலே இன்னொரு தார்ப்பாய். தங்கும் உப்பைச் சுரண்டி மூட்டை கட்டி வைக்கிறார். டேனரிகளும் கழிவுநீரை ஆவியாக்கி எடுத்த உப்பை எங்கே போடுவதென்று தெரியாமல் குவித்துத்தான் வைத்திருக்கின்றன.

வாழையில் புதுக் குருத்து பச்சையாக வந்திருக்கிறது. மாடியில் மூட்டை இரண்டாகிவிட்டது. மகன் ஒவ்வொரு முறை சுரண்டும்போதும் அப்பா கேட்கிறார், "இதை எங்கடா கொட்டுவ?"