பின்னே நடந்து போகும் வேகம்

கரடுமுரடான தரையில் ஓடக்கூடிய ரிமோட் டிரக் ஒன்றைக் குழந்தைக்கு முதன்முதலாக வாங்கித் தர எண்ணும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பெற்றோர், கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்ப்பதற்கு முன்பு, தாங்கள் சிறுவயதில் ஓட்டிய நுங்கு வண்டியை நினைத்துப் பார்ப்பது பயனுடையது. பனை மிகுந்த இவ்வட்டாரத்தில் கோடை பிறந்தால் நுங்கு வந்துவிடும். சுளையை நோண்டித் தின்றபின் எஞ்சும் காய்கள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் குத்திச் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயின. நுனியில் கவை பிரிந்த நீண்ட கம்பை அந்த அச்சின்மேல் பொருத்தித் தள்ளினால் வண்டி ஓடும். கவையை அச்சின் வலப்பக்கமாக நகர்த்தித் தள்ளினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். ஓட்டும் குழந்தை எப்போதும் வண்டியின் பின்னால்தான் இருக்கும். குழந்தையின் கால் வேகம் எதுவோ அதுவே வண்டியின் வேகம். காய் பிளந்து போனால் அடுத்த காயைச் செருகிக்கொள்ளவும், குச்சி முறிந்தால் வேலியோரத்தில் வேறு குச்சி ஒடித்துக்கொள்ளவும் பெரியவர் யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

குழந்தையும் வண்டியும் சேர்ந்தே நகரும் இந்த வழக்கம் தமிழ்நிலத்தில் மிகப் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையும் பெரும்பாணாற்றுப்படையும் குழந்தைகள் உருட்டும் சிறுதேரைக் காட்டுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் வருவது தச்சர் செய்து தந்த தேர். அதைத் தளர்நடையிட்டு உருட்டிக் களைத்த குழந்தைகள் செவிலியரிடம் பாலுண்டு உறங்கிப் போகிறார்கள். பட்டினப்பாலையில் வருவது குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேர். உலரும் நெல்லைத் தின்ன வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த கனத்த காதணி தரையில் கிடந்து, அத்தேரின் வழியை மறிக்கிறது. புகாரின் செல்வத்தைச் சொல்ல வந்த காட்சி அது. ஆனாலும், தரையில் கிடக்கும் சிறு பொருளொன்று சிறிய சக்கரத்தை நிறுத்திவிடும் என்பதை அப்புலவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதும் அதில் தெரிகிறது. விளையாட்டு வண்டி வாங்குவோர் இன்றும் முதலில் கவனிக்க வேண்டியது அந்த உறவைத்தான், அதாவது சக்கரத்தின் உயரத்துக்கும் தரையின் மேடுபள்ளத்துக்கும் உள்ள உறவை.

கையையும் வண்டியையும் பிரித்தது வானொலி அலை. 1898இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் நிக்கோலா டெஸ்லா, கம்பி ஏதுமின்றி ஒரு சிறு படகை இயக்கிக் காட்டினார். அந்த நுட்பம் விளையாட்டுப் பொருளாகப் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த டாமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 காரின் மின்கல மாதிரியையும், 1979இல் மணலில் ஓடும் சாண்ட் ஸ்கார்ச்சரையும், 1981இல் மூன்று கியர்கள் கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ் டிரக்கையும் வெளியிட்டபின், சாலை வண்டி வேறு, காடுமேட்டு வண்டி வேறு என்ற பிரிவு இத்துறையில் நிலைபெற்றது. இன்று சந்தையில் உள்ள டிரக்குகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாம் வகையின் வழிவந்தவை.

அலை வந்ததும் குழந்தை நின்ற இடத்திலேயே நிற்கலாம், வண்டி மட்டும் ஓடலாம் என்றாயிற்று. தொடக்கநிலைக் குழந்தைக்கு உண்மையான இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது. வண்டி விலகிப் போகும்போது அதன் வலப்பக்கமும் குழந்தையின் வலப்பக்கமும் ஒன்றாக இருக்கும். அதே வண்டி குழந்தையை நோக்கித் திரும்பி வரும்போது அவை மாறிவிடும். வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்று குழந்தை நினைத்து ரிமோட்டின் சக்கரத்தைத் திருப்ப, வண்டி எதிர்ப்பக்கம் போய்ச் சுவரில் மோதும். இது குழந்தையின் கவனக்குறைவு அன்று. பெரியவர்களுக்கும் முதல் நாளில் நேர்வதே. நுங்கு வண்டியில் இந்தக் குழப்பமே கிடையாது, ஏனெனில் கம்பின் நீளம் ஓட்டுபவரை வண்டியின் பின்னாலேயே நிறுத்திவிடுகிறது. ஆகவே முதல் டிரக்கைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இது எவ்வளவு வேகம் போகும் என்பதன்று; இதன் பின்னால் குழந்தையால் நடந்து போக முடியுமா என்பதே.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் வேகத்தை அச்சிட்டு விற்கப்படும் வண்டிகள் பல தாமாகவே விலகிவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 11 மீட்டர். ஆபத்தைக் கண்டு குழந்தையின் விரல் பிடியைத் தளர்த்த அரை நொடி ஆகுமென்று கொண்டாலும், அதற்குள் வண்டி ஐந்தரை மீட்டர் கடந்து தெருவின் மறுபக்கம் போயிருக்கும். இரண்டு கிலோ எடையுள்ள வண்டி அந்த வேகத்தில் காலில் மோதினால் எலும்பைப் பதம் பார்க்கும். இதற்கு மாறாக, கிராலர் எனப்படும் வகை, அதாவது நான்கு சக்கரங்களுக்கும் விசை சென்று, வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் அமைப்பால் கல்லிலும் மேட்டிலும் ஊர்ந்து ஏறும் வண்டி, மனிதர் நடக்கும் வேகத்தை ஒட்டியே ஓடும். குழந்தை ரிமோட்டை ஏந்திக்கொண்டு இரண்டடி பின்னால் நடந்தபடி, இந்தக் கல்லில் ஏறலாமா, அந்தப் பள்ளத்தைச் சுற்றிப் போகலாமா என்று ஆராய்ந்து ஓட்டலாம். வேக வண்டியில் அரைமணி நேரத்தில் அடங்கிவிடும் வியப்பு இதில் மாதக்கணக்கில் நீளும் என்பதால், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைக்குக் கிராலரே முதல் வண்டியாகத் தகும்.

அடுத்துச் சோதிக்க வேண்டியது ரிமோட்டின் நுண்மை. மலிவான வண்டிகளில் விசையை அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிற்றல் என்ற இரண்டு நிலைகளே உண்டு. திருப்பமும் அவ்வாறே, முழுதாக இடம் அல்லது முழுதாக வலம். விரல் அழுத்தும் அளவுக்கு ஏற்ப வேகமும், கை திருப்பும் அளவுக்கு ஏற்பச் சக்கரக் கோணமும் மாறும் அமைப்புக்கு விகிதக் கட்டுப்பாடு என்று பெயர். கோணத்தை அளந்து திருப்பும் சிறு மோட்டாருக்குச் சர்வோ என்று பெயர். கடையிலேயே வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விசையை மெல்ல, மிக மெல்ல அழுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: சக்கரம் சோம்பலாகச் சுழலத் தொடங்கினால் அது விகிதக் கட்டுப்பாடு, சட்டென்று கிறுகிறுத்தால் அந்த வண்டியை வைத்துவிட்டு வருவது நலம். நுங்கு வண்டிக் கம்பு கூட அளந்து தள்ளினால் அளந்து நகர்ந்தது. அதைவிடக் குறைந்த கட்டுப்பாடுள்ள ஒன்றைக் குழந்தையின் கையில் தருவதில் நியாயமில்லை. அலைவரிசை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் வண்டிகள் இரண்டை அருகருகே ஓட்டினால் ஒன்றின் ரிமோட் மற்றதையும் இழுக்கும். இப்போது பரவலாக உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் வண்டிகளில் ஒவ்வொரு ரிமோட்டும் தன் வண்டியை மட்டும் அடையாளம் கண்டுகொள்வதால், தெருப் பிள்ளைகள் பலர் ஒரே களத்தில் ஓட்டலாம்.

அளவைத் தீர்மானிப்பது வீட்டைச் சுற்றியுள்ள தரை. 1:24 என்றால் உண்மையான வண்டியின் நீளத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு சாண் நீளம். 1:10 என்றால் முக்கால் அடியையும் தாண்டி ஒன்றரை அடியை நெருங்கும். 1:24 வண்டியின் சக்கரம் ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டது. தன் ஆரத்தைவிட உயரமான தடையைச் சக்கரம் ஏறுவது கடினம் என்பதால், இரண்டரை சென்டிமீட்டர் உயரமுள்ள ஓட்டுச் சில்லே அதற்கு மலை. விழுப்புரம் நகரத்து வீட்டின் மாடியிலும் வாசல் சிமென்டுத் தரையிலும், புத்தகங்களையும் பலகைகளையும் அடுக்கிப் பாதை அமைத்து விளையாடும் குழந்தைக்கு அந்த அளவே போதும். கிராமத்துக் குழந்தையின் நிலை வேறு. திண்டிவனத்தைச் சுற்றிலும் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை விளையும் செம்மண் நிலம் உண்டு. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வேர்க்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்ற அடையாளத்தோடு வெளியூர்களிலும் விதைக்கப்படுகின்றன, அந்த எழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தையே. செடியைப் பிடுங்கி முடித்த கொல்லை, பொலபொலப்பான மண்ணும் கைப்பிடி அளவு கட்டிகளும் கலந்து கிடக்கும். ஏரிக்கரை, நெற்களம், வண்டிப்பாதை ஆகியவையும் உண்டு. அங்கே 1:16 அல்லது 1:12 அளவு வண்டிதான் தடுமாறாமல் போகும். அச்சின் நடுவில், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து தரும் டிஃபரன்ஷியல் பெட்டி தொங்கும். அதன் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில் குழந்தையின் இரு விரல்களாவது நுழைய வேண்டும்.

தென்பெண்ணையின் மணல் கண்ணுக்கு ஏற்ற களமாகத் தோன்றினாலும், நைஸ் மணல் மோட்டாருக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் புகுந்து அரைத்துவிடும். மரக்காணத்துக் கடற்கரையும் உப்பளத்து ஓரமும் இன்னும் மோசம்; ஒரு மாலை விளையாட்டு திருகாணிகளையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும். பாறை ஏற்றம் என்றதும் செஞ்சிக் கோட்டையும் திருவக்கரையும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் செஞ்சி, 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மராட்டியர் கோட்டைத் தொகுதியில் ஒன்று. திருவக்கரை, ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கும் தேசியக் கல்மரப் பூங்கா. அங்கே குழந்தையைக் கண்ணால் பார்க்க அழைத்துப் போக வேண்டும், வண்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஊர்ப்புறத்தில் ஏறி விளையாடக் கருங்கல் திட்டுகளுக்குப் பஞ்சமில்லை.

பேட்டரியைப் பொறுத்தவரை பெற்றோரின் பொறுப்பு மிகுதி. மில்லிஆம்பியர்-மணி என்ற அளவு, பேட்டரி கொள்ளும் மின்னூட்டத்தைக் குறிக்கும்; 1500 கொள்ளளவுள்ள பேட்டரியிலிருந்து மோட்டார் சராசரியாக 3 ஆம்பியர் இழுத்தால் வண்டி அரைமணி நேரம் ஓடும். நிக்கல் வகை பேட்டரி கனமானது, ஆனால் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். லித்தியம் வகை இலேசானது, ஆற்றல் மிக்கது. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே வடியவிடவும் கூடாது. அதற்குரிய சார்ஜரில் மட்டுமே, பெரியவர் ஒருவர் விழித்திருக்கும் நேரத்தில், சிமென்டுத் தரையின்மேல் வைத்து ஏற்ற வேண்டும். ஓடி முடித்த சூட்டோடு ஏற்றக் கூடாது. உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தவே கூடாது. கத்திரி வெயில் காயும் நாட்களில் தகரக் கூரையின் கீழும் மூடிய காருக்குள்ளும் அதை விட்டுவைப்பது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும்.

வாங்கும் இடத்தில் மேலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் 14 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று அச்சிட்டிருந்தால், அந்த வண்டியைக் குழந்தை தனியே இயக்குவதற்காகச் செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பழுது பார்க்கும் வாய்ப்பு இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. மல்லாட்டைக் கொல்லையில் கால்மணி நேரம் ஓடிய வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், காய்ந்த கொடியும் ஆட்டு மயிரும் அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கயிறு திரித்ததுபோல் சுற்றிக் கிடக்கும். மோட்டார் முனகும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சக்கரத்தின் நட்டைச் சிறிய ஸ்பேனரால் கழற்றி, சக்கரத்தை உருவி, இறுகிய சுற்றைக் கத்தரித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் செம்மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி மாட்டும்போது நட்டை முழுதாக முறுக்கிவிடாமல் சக்கரம் இலேசாகச் சுழலுமாறு விடுவது எட்டு வயதுக் குழந்தை இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும் வேலை. திருகாணி போட்ட வண்டியில்தான் இது நடக்கும். ஒட்டி மூடிய வண்டியில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் முழு வண்டியும் குப்பை. அச்சு, பல்சக்கரம், சர்வோ ஆகியவற்றைத் தனித்தனியே விற்கும் நிறுவனத்தின் வண்டியையே வாங்க வேண்டும் என்பதும், ஒதுக்கிய தொகையில் கால் பங்கை இரண்டாவது பேட்டரிக்கும் இந்த உதிரிகளுக்கும் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதும் இதனால்தான். அறுந்த வயரை உள்ளூர் டிவி மெக்கானிக்கே பற்றவைத்துத் தருவார். குழந்தையையும் உடன் அழைத்துப்போய் அந்த ஈயம் உருகி இறுகுவதைத் தள்ளி நின்று பார்க்கச் செய்தால், வண்டிக்குள் ஓடுவது மாயமன்று, செம்புக் கம்பி என்பது அதற்குப் புரியும்.

ஓட்டப் பழகும் முறையும் தேர்வின் தொடர்ச்சியே. முதல் சில வாரங்கள் குழந்தை வண்டியின் பின்னால் மட்டுமே நடக்கட்டும். சாலை, கிணற்றடி, கோழி குஞ்சுகளோடு மேயும் இடம் ஆகியவை தவிர மற்றெங்கும் போகட்டும். பிறகு ஒருநாள், களத்தின் நடுவில் குழந்தையை நிற்க வைத்து, பதினைந்தடி தொலைவுக்குப் போன வண்டியைத் தன்னிடமே திருப்பிக் கொண்டுவரச் சொல்லலாம். இடமும் வலமும் மாறும். வண்டி விலகி ஓடி வைக்கோலில் முட்டும். வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தலையை மட்டும் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்த்து ஓட்டினால் வண்டியின் வலமும் உடலின் வலமும் மீண்டும் ஒன்றாகும். அந்த உபாயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பெரியவர் களத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.