ஹங்கேரியப் பெண்ணுக்குப் பாட்டு இல்லை

ஞாயிறு இரவு, நியூயார்க்

அம்பாசடர் தியேட்டரில் 'சிகாகோ' இசைநாடகம் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தோம். வீடு, தெரு, சிறை என்று தனித்தனி செட் எதுவும் கிடையாது. மேடை நடுவே படிப்படியாக உயரும் ஓர் அடைப்புக்குள் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நீதிமன்றத்தில் ஜூரிகள் அமரும் இடம் போலவே அதைக் கட்டியிருக்கிறார்கள். எல்லோருக்கும் கறுப்பு உடை. தன் முறை வராத நடிகர்கள் ஓரத்து நாற்காலிகளில் அமர்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கிறார்கள்.

ஒரு காட்சி கண்ணிலேயே நிற்கிறது. காதலனைச் சுட்ட ராக்ஸியை வக்கீல் பில்லி ஃபிளின் நிருபர்களுக்கு முன்னால் தன் மடியில் உட்கார வைத்துக்கொள்கிறான். நிருபர்கள் கேட்கிறார்கள். அவள் வாய் திறந்து திறந்து மூடுகிறது, குரல் அவனுடையது. பேசும் பொம்மை வித்தையேதான். பாட்டு வேகமெடுக்க, நிருபர்களும் யாரோ கயிற்றை இழுத்தாற்போல ஆடத் தொடங்குகிறார்கள். பத்திரிகையும் வக்கீலும் சேர்ந்து வழக்கை நடத்தும் விதத்தை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை.

ரயிலில் வரும்போது மகள் கேட்டாள்: "அந்த ஹங்கேரிக்காரப் பொண்ணு என்னம்மா தப்பு பண்ணுச்சு? கடைசிவரைக்கும் யாருமே சொல்லலையே."

சிறையில் ஆறு பெண்கள் தங்கள் கதையைச் சொல்லி ஆடும் பாட்டில் அவளும் ஒருத்தி. மற்ற ஐவரும் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். இவள் முழுக்க ஹங்கேரிய மொழியில் பேசிவிட்டு, 'குற்றமில்லை' என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்கிறாள். இவளுக்கென்று தனிப்பாட்டு கிடையாது. பிற்பாதியில் மாயவித்தை அறிவிப்பதுபோல இவள் தூக்கை அறிவிக்கிறார்கள். வித்தை முடிந்ததும் அரங்கம் கை தட்டியது. நானும் தட்டினேன், தட்டும்போதே உடம்பு கூசியது.

திங்கள்

இந்தக் கதைக்கு மூலம் மோரீன் டல்லஸ் வாட்கின்ஸ். 1924-இல் 'சிகாகோ டிரிப்யூன்' நிருபர். அந்த வருஷம் மார்ச் மாதம் பெல்வா கார்ட்னரின் காரில் வால்டர் லா என்பவர் குண்டடிபட்டு இறந்து கிடந்தார். ஏப்ரலில் பியூலா ஆனன் தன் வீட்டிலேயே காதலன் ஹாரி கால்ஸ்டெட்டைச் சுட்டார்; மேடையில் வரும் ராக்ஸி இவர்தான். அவர் செத்துக்கொண்டிருக்கையில் கிராமஃபோனில் 'ஹூலா லூ' ரெக்கார்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நாடகக்காரர்கள் கற்பனை செய்ய வேண்டிய வேலையே இல்லை.

பியூலாவின் கணவர் ஆல்பர்ட் மோட்டார் மெக்கானிக். சேமிப்பையெல்லாம் வழக்குக்குக் கொட்டினார். கர்ப்பமாக இருப்பதாகப் பியூலா சிறையிலிருந்து அறிவித்தார். குழந்தை எதுவும் பிறக்கவில்லை. மே மாதம் விடுதலை, கொஞ்ச நாளிலேயே கணவரையும் விட்டுவிட்டார். ஜூனில் பெல்வாவும் விடுதலை. ஜூரிகள் எல்லோரும் ஆண்கள். இல்லினாய் மாநிலத்தில் பெண்கள் ஜூரியாக உட்கார 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவர்களைப் பற்றிச் சுவைபட எழுதிய வாட்கின்ஸ், பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கரிடம் நாடகம் படித்து, இதையே நாடகமாக்கினார். 1926 டிசம்பர் 30 அன்று பிராட்வேயில் அரங்கேறியது. மறுவருஷம் அது சிகாகோவுக்குப் போனபோது பெல்வாவே பார்க்க வந்தாராம். பியூலா 1928-இல் காசநோயில் இறந்தார்.

செவ்வாய்

நடனமாடுபவர் க்வென் வெர்டன், அவர் கணவர் நடன இயக்குநர் பாப் ஃபாஸி. இசைநாடகமாக்கும் உரிமையை இவர்கள் கேட்டுக் கேட்டும் வாட்கின்ஸ் தரவில்லை. 1969-இல் அவர் இறந்த பிறகே உரிமை கிடைத்தது. ஜான் கேண்டர் இசை, ஃப்ரெட் எப் பாட்டு. ஒத்திகை நடக்கும்போதே ஃபாஸிக்கு மாரடைப்பு. 1975 ஜூனில் அரங்கேறி 936 முறை நடந்தது. டோனி விருதுக்குப் 11 பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த முறை விருதுகளை 'எ கோரஸ் லைன்' அள்ளிக்கொண்டு போனது. 1996-இல் திரும்ப மேடையேறியபோது ஆறு டோனி. இடையில் ஓ.ஜே. சிம்ப்ஸன் மீதான கொலை வழக்கை அமெரிக்கா முழுதும் டிவியில் பார்த்திருந்தது. அதற்குப் பிறகு இந்த நாடகத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வியாழன்

மகள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஹங்கேரிய மொழியில் அவள் சொல்வதே அதுதான்: நான் நிரபராதி, போலீஸிடம் விளக்கப் பார்த்தேன், அவர்களுக்குப் புரியவில்லை.

அவளுக்கு மூலமான பெண் நிஜத்தில் உண்டு: பியூலாவும் பெல்வாவும் இருந்த அதே சிறையில் சபெல்லா நிட்டி இருந்தார். இத்தாலியிலிருந்து வந்த ஏழைக் குடியானவப் பெண். கணவரைக் கொன்றதாக 1923 ஜூலையில் தூக்குத் தண்டனை. சிகாகோவில் அந்தத் தண்டனை பெற்ற முதல் பெண். அவர் பேசியது பாரி வட்டாரப் பேச்சு. கோர்ட்டில் நடந்தது அவருக்குப் பிடிபடவேயில்லை. டிரிப்யூனில் ஜெனவீவ் ஃபோர்ப்ஸ் அவர் தோற்றத்தைப் பற்றி எழுதியதைப் படிக்கும்போது கோபம் வருகிறது. அழுக்கையும் சுருக்கத்தையும் சாட்சியம்போல அடுக்கியிருக்கிறார்.

ஹெலன் சிரேஸ் என்ற இளம் பெண் வக்கீலும் அவர் கூட்டாளிகளும் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். சிரேஸ் இன்னொன்றும் செய்தார்: சபெல்லாவுக்குத் தலைமுடி திருத்தி, நல்ல உடுப்பு வாங்கிக் கொடுத்து, ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். 1924 ஏப்ரலில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. சாட்சியம் பலவீனம், முதல் வக்கீலுக்கு வழக்கு நடத்தத் தெரியவில்லை என்று சொன்னது. டிசம்பரில் வழக்கே கைவிடப்பட்டது.

நிஜத்தில் பிழைத்தவரை நாடகம் தூக்கிலிடுகிறது. முதலில் எனக்கு இது பொறுக்கவில்லை. யோசிக்க யோசிக்க ஃபாஸியும் எப்பும் செய்ததே சரி என்று படுகிறது. சிரேஸ் வராமல் போயிருந்தால் அதுதான் நடந்திருக்கும். அவள் பேச்சுக்கு மேடையில் விளக்கம் தராததும் சரி. 1923-இன் ஜூரிகள் உட்கார்ந்த இடத்தில் நம்மையும் உட்கார வைக்கிறார்கள்.

ஆனால் ஒரு குறை எனக்கு உண்டு. பியூலா, பெல்வா சாயலில் வரும் கொலைகாரப் பெண்கள் இருவருக்கும் தொப்பியும் பிரம்புமாக ஆட்டம் இருக்கிறது. சிறையறையில் எதிரெதிரே அமர்ந்து, இளம் வக்கீல் சபெல்லாவுக்கு ஆங்கில வார்த்தைகளைச் சொல்லித் தரும் காட்சியை யாராவது மேடைக்குக் கொண்டுவர வேண்டும். கேண்டர் மாதிரி ஒருவர் அதற்கு மெட்டுப் போட்டால் முதல் வரிசைக்கு டிக்கெட் வாங்குவேன்.