மோடியும் மற்றவர்களும்

பழைய மருத்துவப் புத்தகங்களை ஏற்காட்டில் காப்பாற்றி வைப்பது பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். ஒரு வாரம் கவனிக்காவிட்டால் அட்டையில் பூஞ்சை படரும். வசம்பை மூட்டை கட்டி அலமாரியில் போடுகிறேன். வெயில் நாளில் ஒவ்வொன்றாகத் துடைத்து நிழலில் விரிக்கிறேன். பார்க்கிற தோழிகள் கேட்பது ஒன்றுதான்: "நம்மளைக் கேவலமா எழுதின புத்தகத்துக்கு இவ்வளவு சீராட்டா?"

பாலுறவு, பாலினம் பற்றி மருத்துவர்கள் எழுதியவற்றைத்தான் சேர்க்கிறேன். சேலத்துப் பழைய பேப்பர் கடைகளிலும் கைமாறும் எஸ்டேட் பங்களாக்களிலும் கிடைத்தவை. கிராஃப்ட்-எபிங் 1886இல் வெளியிட்ட 'சைக்கோபதியா செக்சுவாலிஸ்' நூலில் கூச்சமான இடங்களை லத்தீனில் எழுதினார், சாதாரண ஜனங்கள் படித்துவிடக் கூடாதென்று. நம் ஊரில் அந்தத் திரையின் வேலையை ஆங்கிலமே செய்துவிட்டது. நம் உடம்பைப் பற்றி நாம் படிக்க முடியாத மொழியில் ஆண்கள் ஆண்களுக்கு எழுதிக்கொண்டார்கள்.

அலமாரியில் எனக்கு மிக முக்கியமானது ஜெய்சிங் மோடியின் மருத்துவச் சட்டவியல் பாடநூல். 1920இல் வந்தது, இன்றும் புதுப்பதிப்புகள் வருகின்றன. டாக்டர், வக்கீல், நீதிபதி என்று எல்லார் மேசையிலும் இருந்த நூல். கன்னித்தன்மைக்கு அதில் தனிப்பகுதி உண்டு. பெண்ணும் பெண்ணும் நேசிப்பது இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் வரும். என் பிரதியில் கன்னிச்சவ்வு பற்றிய வரிகளுக்குக் கீழே யாரோ மாணவர் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். பரீட்சைக்கு வரும் பகுதி போலிருக்கிறது.

அந்தப் பரீட்சையில் தேறியவர்கள்தான் பிறகு அரசு மருத்துவமனைகளில் பாதிக்கப்பட்ட பெண்களைப் பரிசோதித்தார்கள். இரண்டு விரல் நுழைத்துப் பார்த்து, உடலுறவுக்குப் பழகியவள் என்று சான்றிதழில் எழுதினார்கள். வழக்கு அங்கேயே பாதி செத்துவிடும். இந்தச் சோதனை பெண்ணின் அந்தரங்கத்தை மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. அப்படியும் நிற்கவில்லை. 2022 அக்டோபரில், இனி செய்பவர் மீது ஒழுங்கு நடவடிக்கை வரும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டை விட்டு மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கும் பாடநூல் வரைக்கும் போனது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த விஷயம் தனக்குப் புரிய வேண்டும் என்று தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசினார் (எத்தனை பேராசிரியர்கள் அப்படிச் செய்வார்கள்?). 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவில், பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை கூடாது என்றார். மருத்துவப் பாடத்திட்டத்தையும் திருத்தச் சொன்னார். அந்த அக்டோபரில், இழிவான பகுதிகளை நீக்கும்படி தேசிய மருத்துவ ஆணையம் அறிவுறுத்தியது.

தோழிகளுக்கு நான் சொல்லும் பதில் 2024 ஆகஸ்டு. அதே ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில், பெண்ணும் பெண்ணும் நேசிப்பது மறுபடி இயற்கைக்கு மாறான குற்றமாக வந்து உட்கார்ந்தது. கன்னிச்சவ்வும் கூடவே வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். நூறு வருஷத்துப் பழைய வாக்கியம் எங்கிருந்து எழுந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, அது முதலில் எந்தப் பக்கத்தில் எப்படி இருந்தது என்று யாராவது வைத்திருக்க வேண்டும். அந்த ஆகஸ்டுப் பக்கங்களை அச்செடுத்து மோடிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு மருத்துவ மாணவி வந்து இரண்டையும் அருகருகே வைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனாள். சீனியர்கள் கொடுத்த நோட்ஸில் பழைய வரிதான் இன்னும் இருக்கிறதாம்.