உரிய காலமும் உற்ற மருத்துவரும்

மகளுக்கு மணமகன் தேடும் குடும்பம் குணம் என்ன, கல்வி என்ன, தொழில் என்ன என்று நூறு கேள்வி கேட்கின்றது. வீடு கட்ட முற்படுபவர் கொத்தனாரின் பழைய வேலையை நேரில் கண்ட பின்னரே முன்பணம் கொடுக்கின்றார். ஆனால், இதயக் குழாயினுள் கம்பியைச் செலுத்தப்போகும் மருத்துவரிடம் ஒரு கேள்வியும் கேளாமல் ஒப்புதல் தாளில் கையெழுத்திடுவோர் பலர். மருத்துவரை வினவுதல் மரியாதைக் குறைவு என்னும் எண்ணமே இதற்குக் காரணம்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இவ்வெண்ணத்துக்கு இடந்தரவில்லை. நோயுற்றவரின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதிச் செயற்படுதல் மருத்துவரின் கடமை என்கின்றார் வள்ளுவர். மருத்துவருக்கு அவர் வகுத்த இம்மூன்றையே மருத்துவரைத் தேடுவோரும் அளவுகோலாகக் கொள்ளலாம்.

மூன்றனுள் முதலில் கருதத்தக்கது காலம். இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் இரத்தக் கட்டியால் திடீரென அடைபடுவதே பெரும்பாலும் மாரடைப்பாகின்றது. அடைப்பு நீடிக்க நீடிக்கத் தசை மடிகின்றது. குழாயைத் திறக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு வந்த 90 நிமிடங்களுக்குள் முழு அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ உலகின் இலக்கு. 120 நிமிடங்களுக்குள் அச்சிகிச்சை கிட்டாதெனில், தடை ஏதுமில்லாதபோது கட்டியைக் கரைக்கும் மருந்தை முதலில் ஏற்றுவர். ஆகவே, காப்பாரில் ஒருவருக்குப் பாரம் ஏற்றியது போன்ற நெஞ்சுவலியும் வியர்வையும் மூச்சுத் திணறலும் கண்டால், சிறந்த மருத்துவர் யார் என்று உறவினரை விசாரிக்கும் வேளையன்று அது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக் காத்திருக்கும் வேளையும் அன்று. 999 எண்ணை அழைத்து அவசரப் பிரிவை அடைவதே அறிவுடைமை. அங்குப் பணியிலிருப்பவரே அந்நேரத்துக்கு உற்ற மருத்துவர். நீரிழிவு உள்ளோருக்குக் கடும் வலியின்றியும் மாரடைப்பு வரக்கூடும் என்பதை மறத்தலாகாது.

தேர்வுக்கு இடமுள்ள சூழல் வேறு. விரைந்து நடந்தால் நெஞ்சு இறுகுகின்றது, நின்றால் தணிகின்றது. பல மாதங்களாக இவ்வாறே இருந்தும் நிலை மோசமாகவில்லையெனில், ஆராய்ந்து முடிவெடுக்க அவகாசம் உண்டு. காப்பாரிலுள்ள அரசு மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெறலாம். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும், கோலாலம்பூரில் 1992இல் தொடங்கப்பெற்ற தேசிய இருதயக் கழகமும், தனியார் மருத்துவமனைகளும் உள்ளன. எங்குச் சென்றாலும் முதலில் காணவேண்டியது பதிவு. 2017 ஜூலை முதல், நிபுணராகத் தொழில் செய்வோர் மலேசிய மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் இடம்பெற்றிருத்தல் கட்டாயம். அப்பதிவேட்டைப் பொதுமக்களும் பார்க்கலாம்.

இரண்டாவது, பயிற்சி. இதயநோய் மருத்துவர் அனைவரும் குழாய்ச் சிகிச்சை செய்வோர் அல்லர். அது கைப்பழக்கத்தால் வருவது. 1977 செப்டம்பர் 16ஆம் நாள் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் என்பார், நெஞ்சைத் திறவாமலேயே சிறு பலூனால் இதயக் குழாயை முதன்முதலாக விரித்தார். அவரிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல், சென்னையிலிருந்து அக்கலையை இந்தியாவில் வளர்த்தார். ஆசானிடமிருந்து மாணாக்கருக்குச் செல்லும் வித்தை இது. எனவே, எங்குப் பயின்றார், ஆண்டுதோறும் எத்தனை பேருக்குச் செய்கின்றார், மணிக்கட்டு வழியாகச் செய்ய இயலுமா, இடர் நேர்ந்தால் இதய அறுவை மருத்துவரின் துணை கிட்டுமா என்று கேட்பது பிழையன்று. மணிக்கட்டு வழியில் இரத்தக் கசிவு குறைவு. நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் சினங்கொள்ளார்.

நோயின் அளவு அடுத்தது. 2020இல் வெளிவந்த ‘இஸ்கீமியா’ ஆய்வு, நிலையான இதயக் குழாய் நோயில் உடனே ஸ்டென்ட் வைப்பதோ அறுவை செய்வதோ, மருந்தோடு தொடங்குவதைக் காட்டிலும் உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று காட்டியது. ஆயினும், அடிக்கடி நெஞ்சுவலியால் வருந்துவோருக்கு அவை நிவாரணம் தந்தன. நீரிழிவோடு பல குழாய்களில் அடைப்புள்ளோருக்கு ஸ்டென்டைவிட மாற்றுவழி அறுவையே மேல் என்று 2012இல் ‘ஃப்ரீடம்’ ஆய்வு காட்டியது. தமிழரிடையே நீரிழிவு மிகுதி. ஆதலின் இது கருதத்தக்கது. ‘ஸ்டென்ட் வேண்டாம், மருந்து போதும்’ என்றோ, ‘அறுவை மருத்துவரையும் பாருங்கள்’ என்றோ சொல்லத் துணிபவரே நம்பத்தக்கவர்.

எஞ்சியது நோயுற்றவரின் நிலை. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த முதியவருக்கு மருத்துவரின் ஆங்கிலமோ கலைச்சொல் மலிந்த மலாயோ விளங்குவதில்லை. உடன் சென்ற மகன் பாதியைச் சொல்கின்றான். அப்பா அஞ்சுவார் என்று மீதியை மறைக்கின்றான். ஸ்டென்ட் வைத்தபின் இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாது நிறுத்தலாகாது என்னும் செய்தியே அம்மறைவில் விடுபடக்கூடும். நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைபட்டு உயிருக்கே கேடு விளையலாம்.

நோயாளியைப் பேசவிட்டுக் கேட்பவரும், எளிய சொல்லால் விளக்குபவருமே உற்ற மருத்துவர். அவர் சொன்னதை ஒளிக்காமல் தமிழில் எடுத்துரைக்கும் பிள்ளையோ, மருமகளோ, பேரனோ மருத்துவத்தின் இன்னொரு பாதி. வள்ளுவரும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக அருகிருந்து உதவுபவரை வைத்தார். அத்தகைய பேரப்பிள்ளைகளை உருவாக்குவது, மொழியைக் கற்பிக்கும் வகுப்பறையின் கடமைகளுள் ஒன்றாகும்.