கேரவனில் வர்றவங்க கேட்க வேண்டியது

கேரவன்னா சினிமா ஷூட்டிங் வண்டி என்றுதான் எங்க ஊரில் நினைப்பு. இப்போ குடும்பமா வேன் வீட்டில் வர்றவங்க, "ஒரு ராத்திரி நிறுத்திக்கலாமாண்ணே?" என்று போன் பண்றாங்க. தாராளமா வாங்க. ஆனா முன்பணம் அனுப்பும் முன்னாடி சிலதைக் கேட்டுக்கோங்க.

முதல்ல மண். எங்களுது கரிசல். கோடையில் பாறை, ஐப்பசி மழை ரெண்டு நாள் பெய்தால் டிராக்டரே திணறும். மழை மாசத்தில் சரளை போட்ட களம் இருக்கிற தோட்டமா பாருங்க.

அடுத்தது பாதை. வண்டியோட உயரத்தையும் அகலத்தையும் சொல்லிக் கேளுங்க. தாழ்ந்த புளியங்கிளை மேப்பில் தெரியாது.

கரண்டு பெரிய விஷயம். பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டும்தான். அதிலிருந்து உங்க ஏசிக்கு வயர் இழுத்தா மாட்டிக்கிறது நாங்கதான். வீட்டு லைன் எட்டுமான்னு கேளுங்க.

பிரிட்டனில் 1960 சட்டப்படி, அங்கீகாரம் உள்ள சங்கத்தின் சான்று இருந்தால் ஒரு விவசாயி தன் நிலத்தில் 5 வண்டி வரை நிறுத்த விடலாம். சங்கம் பார்ப்பதில் முக்கியமானது, குடிதண்ணியும் கழிவறைத் தொட்டியைக் கொட்டும் இடமும். இங்கே அதை நீங்களேதான் விசாரிக்கணும். கெமிக்கல் கலந்த அந்தக் கழிவை ஓடையோரம் ஊத்திட்டுப் போனால், அது சேர்வது எங்க கிணத்தில். நாங்க குடிக்கிறதும் மாடு குடிக்கிறதும் அந்தத் தண்ணிதான்.

வைஃபை இருக்கான்னு அப்புறம் கேக்கலாம். "தொட்டியை எங்கே கொட்டணும்?"னு முதல்ல கேக்கிறவங்களுக்கு யோசிக்காம இடம் குடுப்பேன்.