டைல்ஸ் சுவருக்கும் ஒரு கதவு!

இப்போது கட்டுகிற வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. எல்லாவற்றையும் சுவருக்குள் பதித்து, மேலே பளபளவென்று டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே ஒரு மூட்டு கசிந்தால்? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

பாத்ரூமை ஒட்டிய படுக்கையறையில், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிற்று. பிறகு கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. அந்தக் கட்டிலில் படுக்கிற என் சின்ன மகளுக்கு அடிக்கடி இழுப்பு வரும். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்ல ஈரச் சுவர் இருக்காம்மா?" என்று கேட்டார். ஈரமும் பூஞ்சையும் ஆஸ்துமாவை அதிகப்படுத்தும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் சொல்கிறது.

ராத்திரி எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டோம். விடிந்ததும் பார்த்தால் மட்டம் இறங்கியிருந்தது! பிளம்பர் வந்து இரண்டு டைல்களை உடைத்தார். ஷவருக்கு வெந்நீரும் தண்ணீரும் கலந்து வருகிற வால்வின் மூட்டில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. அதைச் சரிசெய்தாயிற்று.

மறுநாள் மேஸ்திரி சிமெண்டைக் குழைத்துக்கொண்டு வந்தார்.

"மறுபடி ஒழுகினா என்ன பண்றது, மேஸ்திரி?"

"மறுபடி உடைச்சுக்கலாம்மா!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே நிற டைல் கடையில் கிடையாது. பரணில் மிச்சமிருந்ததே இரண்டுதான். "சிமெண்ட் வேண்டாம், கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யுங்க" என்றேன். "சுவத்துக்குக்கூடக் கதவா?" என்று என் மாமியார் சிரித்தார்.

செய்த விதம் இதுதான். துவாரத்தை டைல் இணைப்புக் கோடுகளை ஒட்டியே சதுரமாக்கினார்கள். உள்பக்கம் நான்கு புறமும் அலுமினிய ஆங்கிள் சட்டம். பலகை, டைல் இரண்டின் கனத்துக்கும் இடம் விட்டுச் சற்று உள்ளே தள்ளிப் பொருத்தினார்கள். அப்போதுதான் டைல் மற்றவற்றோடு சமமாக நிற்கும். சாதாரணப் பலகை ஊறிப்போகும் என்பதால் சிமெண்ட் போர்டு வாங்கி, இரண்டு டைல்களையும் டைல் பசையால் அதில் ஒட்டினோம். நன்றாகக் காய்ந்தபின் மூலைகளில், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, நான்கு துளைகள். டைல் துளைக்கும் பிட்டைப் போட்டு, 'ஹேமர்' இல்லாமல், தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளைத்தால் விரிசல் விழாது. ஸ்க்ரூ துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்க வேண்டும்.

சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டர் சந்து விட்டு, அதில் வெள்ளைச் சிமெண்டுக்குப் பதில் பூஞ்சை பிடிக்காத சிலிகான் பசையை அடைத்தோம். ஸ்க்ரூ தலைகளிலும் ஒரு பொட்டு. ஒரு நாள் முழுக்க அங்கே தண்ணீர் படவிடவில்லை. திறக்க வேண்டுமென்றால் சிலிகானை பிளேடால் கீறி, ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும். திரும்ப மாட்டும்போது பழைய சிலிகானைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தோம்; உள்ளே காய்ந்திருந்தது. அடுத்த வருஷம் அதே வால்வு இறுகிக்கொண்டது. பிளம்பர் அரை மணியில் உள்பாகத்தை மாற்றிவிட்டுப் போனார். ஒரு டைல்கூட உடையவில்லை. "நல்ல யோசனைதான்" என்றார் மாமியார்.

படுக்கையறைச் சுவர் உலர மாதக்கணக்கில் ஆயிற்று. பூஞ்சையைச் சுரண்டி, பூச்சு காய்ந்த பிறகே பெயிண்ட் அடித்தோம். மகளுக்கு இழுப்பு அடியோடு போய்விட்டதென்று சொல்லமாட்டேன். நடுராத்திரியில் எழுந்து உட்காருவது மட்டும் குறைந்திருக்கிறது. எனக்கு அதுவே பெரிசு.

புது வீடு கட்டுகிற சகோதரிகளே! டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே வால்வு இருக்கும் இடத்தில் இப்படி ஒரு கதவு கேளுங்கள். சுவரின் மறுபுறம் அலமாரி வருவதானால் அந்தப் பக்கமே வைக்கலாம், தண்ணீர் படாது. குழாய் போகிற வழியைப் போட்டோ எடுத்து வையுங்கள். நான்கைந்து டைல்களைப் பரணில் பத்திரப்படுத்துங்கள். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்!