கதவைப் பிடிச்சுக்கோங்க

மார்ச்ல ஐஸ்லாந்து போலாம்னு பேச்சு.

"தீவை முழுசா சுத்திடலாமே"ன்னு வீட்டுல ஆசை.
ஒன்னாம் நம்பர் ரோடு மட்டுமே 1,300 கிலோமீட்டருக்கு மேல.
தார் ரோட்டுலயே 90ஐத் தாண்டக் கூடாது. புயல் வந்தா ரோட்டையே மூடிடுவாங்க.

அதனால தெற்குக் கரை மட்டும்.
ரெய்க்யவிக், ஸ்கோகாஃபோஸ் அருவி, வீக், அப்புறம் பனிப்பாறை மிதக்கற யோகுல்சார்லோன் ஏரி. போக மட்டுமே 370 கிலோமீட்டர் கிட்ட வருது.

நேத்து ராத்திரி வாடகைக் கார் இன்சூரன்ஸ் படிச்சேன். தூக்கம் போச்சு.

மணலும் எரிமலைச் சாம்பலும் அடிச்சு பெயிண்ட் உரிஞ்சா, அதுக்குத் தனி காப்பீடு.
காத்து கதவைப் பிச்சுட்டுப் போனா? பெரும்பாலும் நம்ம பாக்கெட்தான்!
காத்து வர்ற திசையைப் பார்த்து வண்டிய நிறுத்தி, கதவை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இறங்கணுமாம்.

ஏசியை 24க்குக் கீழ வச்சா போர்வை தேடற ஆளு நான். இதுல வடதுருவ ஒளி பார்க்க நடுராத்திரி வெளிய நிக்கணும்னு வேற திட்டம்.
(டிசம்பர்ல பகலே நாலு மணி நேரம்தான். மார்ச் எவ்வளவோ தேவலை.)

போயிட்டு வந்தவங்க சொல்லுங்க. ஃபோர் வீல் டிரைவ் எடுக்கணுமா, ஆணி டயர் போட்ட சின்ன காரே போதுமா?